சுடாவா, டாரி தாடியா? ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்ல எங்க சிம்பிள், எங்க கன்டினியூஸ்: முழுமையான வழிகாட்டி

ராத்திரி ஷிஃப்ட்டு, மணி ரெண்டு ரெண்டரை இருக்கும். அப்போ நான் பினாங்குல, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில டெக்னிஷியன். லைன்ல ஆறு மெஷினு, ஆறோட நோசலையும் கழட்டிப் பார்த்து சுத்தம் பண்ணின பிறகுதான் லைன ஓட விடணும். நாலு முடிச்சாச்சி, அஞ்சாவதுக்கு ஸ்பேர் எடுக்க ஸ்டோருக்கு நடந்துகிட்டே இருக்கேன், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்ல "மெஷின்லாம் எப்படி?"ன்னு கேக்குறாரு. அவரு சீனரு, எங்களுக்குள்ள இங்லீஷ்தான். நான் பெரிய இங்லீஷ்காரன் மாதிரி "ஐ ஹேவ் செக்ட் தி மெஷின்ஸ்"னு தட்டி அனுப்பிட்டேன். என் மனசுல இருந்தது செக் பண்ணிக்கிட்டு இருக்கேன்னு. அவரு படிச்சது செக் பண்ணிட்டேன்னு. நான் திரும்பி வர்றதுக்குள்ள லைன் ஓடுது, அஞ்சாவது மெஷின்ல நோசல் அடைச்சிக்கிட்டு பார்ட்ஸ் இல்லாத போர்டா வரிசையா வெளிய வருது. விடியுற வரைக்கும் உக்காந்து ரீவொர்க். அவர் மேல தப்பே இல்ல, நான் எழுதினதத்தான் அவரு படிச்சாரு.

நான் எழுதியிருக்க வேண்டியது "ஐ ஹேவ் பீன் செக்கிங் தி மெஷின்ஸ்". ஒரு "பீன்", ஒரு "இங்". அவ்ளோதான் வித்தியாசம்.

இப்போ தங்கச்சி மக எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போறா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பட்டர்வொர்த்ல எங்க வீட்டு ஹால்ல அவளும் பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் வந்து உக்காந்துக்குவாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தத அப்படியே இங்க எழுதுறேன். தலைப்புல இருக்குற சுடா, டாரி தாடி ரெண்டும் மலாய் வார்த்தை, அது ஏன்னு ஸ்டெப் 3ல வரும். ஒரே மூச்சுல படிக்க வேணாம், ஒரு தே தாரிக் டீ பக்கத்துல வச்சிக்கிட்டு ஒவ்வொரு ஸ்டெப்பா போங்க.

ஸ்டெப் 1: முதல்ல இந்த டென்ஸே வேணுமான்னு பாருங்க

சிம்பிளா கன்டினியூஸான்னு மண்டைய உடைச்சிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். "நேத்து", "போன வாரம்", "2019ல", "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ"ன்னு முடிஞ்சிபோன ஒரு நேரத்த வாக்கியத்துல சொல்லிட்டீங்கன்னா ரெண்டுமே வேணாம், சாதா பாஸ்ட் டென்ஸ்தான். "ஐ செக்ட் தி மெஷின்ஸ் எஸ்டர்டே." "ஐ ஹேவ் செக்ட்... எஸ்டர்டே"ன்னு வரவே வராது.

தமிழ்க்காரங்க நாம இங்கதான் அதிகமா வழுக்கி விழுறோம், ஏன்னா தமிழ்ல அது தப்பே இல்ல. "போன வருஷம் லங்காவி போயிருக்கேன்"னு சொல்லுவோம், "நேத்தே முடிச்சிட்டேன்"னு சொல்லுவோம், காதுக்கு நல்லாத்தான் இருக்கு. அதே ஞாபகத்துல "ஐ ஹேவ் பீன் டு லங்காவி லாஸ்ட் இயர்", "ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் எஸ்டர்டே"ன்னு எழுதிடுறோம். இங்லீஷ்ல "ஹேவ்" வந்துச்சின்னா அந்த விஷயம் இப்போ வரைக்கும் நீண்டு வந்து இப்போதயத் தொடணும். "நேத்து"ன்னு சொன்ன உடனே அந்தக் கயிறு அறுந்துபோச்சி. "ஐ வென்ட் டு லங்காவி லாஸ்ட் இயர்", முடிஞ்சது கதை. எந்த வருஷம்னு சொல்லாம சும்மா போயிருக்கேன்னு மட்டும் சொல்லணும்னா "ஐ ஹேவ் பீன் டு லங்காவி" சரி.

ஸ்டெப் 2: உருவத்த கண்ணு முன்னாடி வச்சிக்குங்க

இத சுருக்கமா முடிச்சிடுறேன். சிம்பிள்னா ஹேவ் இல்ல ஹேஸ், பின்னாடி வெர்போட மூணாவது உருவம், ஸ்கூல்ல வீ த்ரீன்னு சொல்லுவாங்களே அது. கன்டினியூஸ்னா ஹேவ் இல்ல ஹேஸ், அப்புறம் பீன், அப்புறம் இங் போட்ட வெர்ப். ஹீ, ஷீ, இட், இல்ல ஒரே ஒரு ஆளோட, பொருளோட பேரு வந்தா ஹேஸ், மத்த எல்லாத்துக்கும் ஹேவ்.

வீ த்ரீதான் தலைவலி. "ஹேவ் வென்ட்" இல்ல "ஹேவ் கான்", "ஹேவ் எய்ட்" இல்ல "ஹேவ் ஈட்டன்", "ஹேவ் ரோட்" இல்ல "ஹேவ் ரிட்டன்", "ஹேவ் டிட்" இல்ல "ஹேவ் டன்". மனப்பாடம் பண்றதத் தவிர வேற வழி கிடையாது. கன்டினியூஸ்ல அந்தத் தொல்லை இல்ல, இங் ஒட்டினா போதும், அதனாலயே சில பேரு எல்லாத்தயும் கன்டினியூஸ்லயே தள்ளிக்கிட்டு போறாங்க, அது வேற வம்பு.

அப்புறம் இந்த "பீன்". இது மூணு வேஷம் போடும். "ஐ ஹேவ் பீன் செக்கிங்"ல நான் செக் பண்ணிக்கிட்டு இருக்கேன். "தி மெஷின் ஹேஸ் பீன் செக்ட்"ல மெஷின யாரோ செக் பண்ணிட்டாங்க, இது கன்டினியூஸே இல்ல, பேசிவ், பேங்க்லேர்ந்து வர்ற "பேமன்ட் ஹேஸ் பீன் மேட்" இந்தக் குடும்பம். "ஐ ஹேவ் பீன் டு ஈப்போ"ல போயிட்டு வந்திருக்கேன். "ஹீ ஹேஸ் கான் டு ஈப்போ"ன்னா ஆளு போயிட்டாரு, இன்னும் திரும்பல. ஆபிஸ்ல பாஸ் எங்கன்னு கேட்டா "ஹீ ஹேஸ் பீன் டு ஈப்போ"ன்னு சொல்லி வைக்காதீங்க, கேக்குறவரு உள்ள வந்து ரூம்ல தேடுவாரு.

ஸ்டெப் 3: எத்தனையா, எவ்ளோ நேரமா

இதுதான் சாவி, இதுல கொஞ்சம் நின்னு போவோம்.

ஸ்கூல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது என்னன்னா, முடிஞ்ச வேலைக்கு சிம்பிள், முடியாத வேலைக்கு கன்டினியூஸ். கேக்க நல்லாருக்கு, பாதிதான் உண்மை, மீதிப் பாதி உங்கள பரீட்சையில கவுத்துடும். ஏன்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

தைப்பூசம். தண்ணீர்மலை கோயிலுக்கு 513 படி. நீங்க முந்நூறாவது படியில நின்னு மூச்சு வாங்குறீங்க, கீழ சைக்கிள் ஸ்டேண்ட் பக்கத்துலேர்ந்து ஃப்ரெண்டு போன் அடிக்கிறான். அவன் "எவ்ளோ நேரமாடா ஏறுற?"ன்னு கேட்டா பதில் "ஐ ஹேவ் பீன் க்ளைம்பிங் ஃபார் ஹாஃப் என் ஹவர்". அவன் "எத்தனை படி ஆச்சி?"ன்னு கேட்டா பதில் "ஐ ஹேவ் க்ளைம்ட் த்ரீ ஹன்ட்ரட் ஸ்டெப்ஸ்". ஆளு ஒண்ணு, மலை ஒண்ணு, நிமிஷமும் ஒண்ணு, ஏறி முடிச்சீங்களான்னா இன்னும் இல்ல. ஆனா ஒண்ணுக்கு கன்டினியூஸ், இன்னொண்ணுக்கு சிம்பிள். அப்போ முடிஞ்சிச்சா முடியலயாங்கிறது இல்ல விஷயம். வேலை ஓடிக்கிட்டு இருக்குறத சொல்றீங்களா, அதுல கையில வந்த கணக்க சொல்றீங்களாங்கிறதுதான் விஷயம்.

எண்ணிக்கை வந்துச்சா, சிம்பிள். ரெண்டு தடவ, நாலு மெஷினு, மூணு ப்ளேட்டு, அஞ்சு கால். "ஐ ஹேவ் பீன் காலிங் யூ ஃபைவ் டைம்ஸ்"னு எழுதாதீங்க, "ஐ ஹேவ் கால்ட் யூ ஃபைவ் டைம்ஸ்". நேர நீளம் வந்துச்சா, அதுவும் செய்யுற வேலையா இருந்தா, கன்டினியூஸ். "ஐ ஹேவ் பீன் காலிங் யூ சின்ஸ் மார்னிங்."

இன்னொண்ணு பாருங்க. தீபாவளிக்கு அம்மா ஒரு டின் முறுக்கு சுட்டு மேல் ஷெல்ஃப்ல வச்சிருக்காங்க. டின்ன தொறந்தா காலி, தூள் மட்டும் கெடக்கு. "ஹூ ஹேஸ் ஈட்டன் தி முறுக்கு?" இப்போ டின்ன தொறந்தா காலி இல்ல, ஆனா முந்தாநாள் கழுத்து வரைக்கும் இருந்தது இப்போ பாதியில நிக்குது. "ஹூ ஹேஸ் பீன் ஈட்டிங் தி முறுக்கு?" முதல் கேள்வியில முறுக்கு போயே போச்சி. ரெண்டாவதுல யாரோ தெனமும் கை விட்டுக்கிட்டு இருக்கான், மிச்சம் இருக்கு, காப்பாத்திக்கலாம். என் தங்கச்சி மகளுக்கு இதச் சொன்னப்போ "ரெண்டுக்கும் நீங்கதானே மாமா பதில்"னு சொன்னா, அது இங்க தேவையில்லாத விஷயம்.

இப்போ நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி. மலாய் நமக்கெல்லாம் வாயில தானா வருதுல்ல, அத வச்சி சோதிச்சிப் பாருங்க. மனசுல வர்றது "சுடா" (ஆயிடுச்சி), "பெலோம்" (இன்னும் இல்ல), "பெர்னா" (எப்பவாச்சும் செஞ்சிருக்கேன்), "பாரு" (இப்போதான்), இந்த நாலுல ஒண்ணுன்னா சிம்பிள். சுடா மாக்கான்னா "ஐ ஹேவ் ஈட்டன்". பெலோம்னா "ஐ ஹேவன்ட் ஈட்டன் யெட்". பெர்னா பெர்கின்னா "ஐ ஹேவ் பீன் தேர்". பாரு சம்பாய்னா "ஐ ஹேவ் ஜஸ்ட் அரைவ்ட்". மனசுல வர்றது "டாரி தாடி"ன்னா, அதாவது அப்போலேர்ந்து இப்போ வரைக்கும்னா, கன்டினியூஸ். டாரி தாடி துங்குன்னா "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்". மாமாக் சாப்பாட்டுக் கடையில "ஐ ஈட் ஆல்ரெடி"ன்னு சொல்றோமே, அந்த "ஆல்ரெடி" நம்ம சுடாதான் இங்லீஷ் சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்குது. பேசுறப்போ யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எழுதுறப்போ "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்".

ஒரு எச்சரிக்கை. சுடாவுக்குப் பின்னாடி நேர அளவு வந்துச்சின்னா இந்தக் குறுக்கு வழி வேலை செய்யாது. சுடா லாமா துங்கு, சுடா செபூலோ தாஹுன் கெர்ஜா சினி, இதெல்லாம் நீளத்த சொல்லுது, அதனால "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் எ லாங் டைம்", "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்".

தமிழ்லயும் இந்த எடத்துல ஒரு குழி இருக்கு. "பத்து வருஷமா இங்க வேலை செய்யுறேன்"னு சொல்றோம், "செய்யுறேன்" நிகழ்காலம், அதனால அப்படியே "ஐ ஏம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்"னு கொட்டிடுறோம். ஒரே வாக்கியத்துல ரெண்டு தப்பு. "வருஷமா", "மணி நேரமா", "காலையிலேர்ந்து"ன்னு தமிழ்ல வந்தா இங்லீஷ்ல "ஏம்" கிடையாது, "ஹேவ் பீன்". ரெண்டாவது, "சின்ஸ்" ஆரம்பிச்ச புள்ளிக்கு, "ஃபார்" நீளத்துக்கு. சின்ஸ் 2016, சின்ஸ் மண்டே, சின்ஸ் மார்னிங். ஃபார் டென் இயர்ஸ், ஃபார் டூ அவர்ஸ். "லேர்ந்து"ன்னு தமிழ்ல வந்தா சின்ஸ், வெறும் "ஆ"வுல முடிஞ்சா ஃபார். "காலையிலேர்ந்து" சின்ஸ், "ரெண்டு மணி நேரமா" ஃபார். இத மட்டும் பிடிச்சிக்கிட்டாலே நீங்க எழுதுறதுல பாதித் தப்பு காணாமப் போயிடும்.

ஸ்டெப் 4: தடயம் கண்ணுக்குத் தெரியுதா

வேலை நின்னுபோச்சி, ஆனா அதோட அடையாளம் இன்னும் ஆள் மேலயோ எடத்துலயோ இருக்கு, அப்பவும் கன்டினியூஸ் வரும். ரோடு நனைஞ்சி கெடக்கு, மழை விட்டுடுச்சி: "இட் ஹேஸ் பீன் ரெய்னிங்." கண்ணு சிவந்திருக்கு: "ஹேவ் யூ பீன் க்ரையிங்?" ஸ்கூல் ரூல் செத்துப்போறது இங்கதான், ஏன்னா அழுகை முடிஞ்சிபோச்சே.

இதுல தமிழ் நம்மள வேற பக்கமா இழுக்கும். கையெல்லாம் மஞ்சளா இருக்கேன்னு யாராச்சும் கேட்டா நாம "கோழிக்கு மசாலா தடவிக்கிட்டு இருந்தேன்"னு சொல்லுவோம். "இருந்தேன்". உடனே "ஐ வாஸ் மேரினேட்டிங்"னு வாயில வரும். அது பெரிய தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கைய நீட்டிக் காட்டிக்கிட்டு பதில் சொல்றப்போ "ஐ ஹேவ் பீன் மேரினேட்டிங் சிக்கன்"தான் பொருத்தம். தடயம் இப்போ இருக்குல்ல, அதனால "ஹேவ்".

ஸ்டெப் 5: இங் ஏத்துக்காத வெர்ப்

நோ, லைக், பிலீவ், அண்டர்ஸ்டேண்ட், பிலாங், ஓன், பீ. இதெல்லாம் செய்யுற வேலை இல்ல, இருக்குற நிலை. நூறு வருஷம் ஆனாலும் சிம்பிள்தான். "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" கிடையாது, "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்". ஜார்ஜ்டவுன் 2008லேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம், அத சொல்லணும்னா "ஜார்ஜ்டவுன் ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிட்டேஜ் சைட் சின்ஸ் 2008". இங்க பீன் இருக்கு, இங் இல்ல, பார்த்துக்குங்க, இது பீன் போடுற நாலாவது வேஷம், ஸ்டெப் 2ல மூணுன்னு சொன்னேன்ல, மன்னிச்சிக்குங்க.

சில வெர்ப் ரெண்டு பக்கமும் ஆடும். ஹேவ்னா வச்சிருக்கேன்னு அர்த்தம் வந்தா சிம்பிள்: "ஐ ஹேவ் ஹேட் திஸ் மைவி கார் ஃபார் நைன் இயர்ஸ்." அதே ஹேவ் அனுபவிக்கிறத சொன்னா கன்டினியூஸ்: "ஐ ஹேவ் பீன் ஹேவிங் ப்ராப்ளம்ஸ் வித் திஸ் மைவி." திங்க்கும் அப்படித்தான், "ஐ ஹேவ் பீன் திங்க்கிங் எபவுட் சேஞ்சிங் ஜாப்ஸ்", அதாவது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. வான்ட் நிலை வெர்ப்தான், ஆனா "ஐ ஹேவ் பீன் வான்டிங் டு ஆஸ்க் யூ"ன்னு சொல்லுவாங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்னு அர்த்தம். "ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ"வும் அதே மாதிரி. அடுத்த தடவ கடன்காரன் போன் பண்ணா எடுத்து விடுங்க.

கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள முடியுற வெர்பும் இருக்கு: ப்ரேக், லூஸ், ஃபைண்ட், ஸ்டாப், அரைவ். சாவிய தொலைச்சிட்டேன்னா "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ", அவ்ளோதான், "பீன் லூசிங்"னா மாசக்கணக்கா தொலைச்சிக்கிட்டே இருக்கேன்னு ஆயிடும். திரும்பத் திரும்ப நடந்தா மட்டும் சரி: "ஐ ஹேவ் பீன் மிஸ்ஸிங் தி ஃபெர்ரி ஆல் வீக்."

பினாங்குப் பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டா எல்லாரும் எழுதுறது, "ஐ ஹேவ் பீன் ஸ்டக் ஆன் தி பிரிட்ஜ் ஃபார் ஒன் ஹவர்". இது சரி. ஸ்டக்கும் ஒரு நிலைதான், "ஸ்டிக்கிங்" ஆக்காதீங்க. பழைய பாலம் தொறந்தது 1985ல, ரெண்டாவது பாலம் 2014ல, ரெண்டு இருந்தும் சாயங்காலம் இந்த மெசேஜ் அனுப்பாத நாளே எனக்குக் கெடயாது.

ஸ்டெப் 6: எதப் போட்டாலும் பரவால்லங்கிற எடம்

லிவ், வொர்க், டீச், ஸ்டே. "ஐ ஹேவ் லிவ்ட் இன் பட்டர்வொர்த் ஃபார் ட்வென்டி இயர்ஸ்", "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் பட்டர்வொர்த் ஃபார் ட்வென்டி இயர்ஸ்". ரெண்டும் சரி, ரெண்டுலயும் ஆளு இன்னும் அங்கதான் இருக்கான். பரீட்சையில இத வச்சி மண்டைய ஒடச்சிக்காதீங்க.

சின்ன வாசனை வித்தியாசம் ஒண்ணு உண்டு. நெலையா இருக்குறதுக்கு சிம்பிள் ஒட்டும், தற்காலிகமா இருக்குறதுக்கு கன்டினியூஸ் ஒட்டும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833லேர்ந்து அங்கயே நிக்குது: "தி டெம்பிள் ஹேஸ் ஸ்டுட் ஆன் குயின் ஸ்ட்ரீட் சின்ஸ் 1833." நான் அந்தக் கோயில் வாசல்ல மச்சானுக்காக நிக்குறேன்: "ஐ ஹேவ் பீன் ஸ்டேண்டிங் ஹியர் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ்." கோயில் நகராது, நான் நகர்ந்துடுவேன்.

ஸ்டெப் 7: "நாட்" போட்டு எழுதுறப்போ

நெகட்டிவ்ல நேர நீளம் வந்தாலும் நிறைய எடத்துல சிம்பிள்தான் வரும், இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ரெண்டு வருஷமா அவர பார்க்கல: "ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்." காலையிலேர்ந்து சாப்பிடல: "ஐ ஹேவன்ட் ஈட்டன் சின்ஸ் மார்னிங்." நடக்காத ஒண்ணு எப்படி ஓடிக்கிட்டு இருக்கும், அப்படி யோசிச்சிக்குங்க. ஆனா சரியா நடக்கலன்னு சொல்லணும்னா கன்டினியூஸ்: "ஐ ஹேவன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல்", தூக்கம் வருது, நல்லா வர்றதில்ல. "ஐ ஹேவன்ட் ஸ்லெப்ட் ஃபார் டூ டேய்ஸ்"னா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. க்ளினிக்ல டாக்டர்கிட்ட இத மாத்திச் சொன்னா வேற மருந்து வந்துடும்.

அந்த நாட் எங்க போவும்னா ஹேவ் பக்கத்துல. "யூ ஹேவ் பீன் நாட் ரிப்ளையிங்" இல்ல, "யூ ஹேவன்ட் பீன் ரிப்ளையிங்".

ஸ்டெப் 8: வேலை தேடுறப்போ, மெசேஜ் எழுதுறப்போ

இன்டர்வியூல முதல் அஞ்சு நிமிஷம் முழுக்க இந்த டென்ஸ்தான். இன்னும் அதே எடத்துல வேலை செய்யுறீங்கன்னா "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஏஸ் எ டெக்னிஷியன் ஃபார் எய்ட் இயர்ஸ்". நின்னுட்டீங்கன்னா "ஐ வொர்க்ட்". நின்ன எடத்துக்கு ஹேவ் பீன் போட்டா, அப்போ இன்னும் அங்கதானே இருக்கீங்க, எத்தன மாசம் நோட்டீஸ் குடுக்கணும்னு கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அது நடந்திருக்கு, மனுசன் வேர்த்துப் போயிட்டாரு.

நல்ல பதில்ல ரெண்டும் மாறி மாறி வரும். எவ்ளோ காலம்ங்கிறத கன்டினியூஸ்ல தொறங்க, என்ன சாதிச்சீங்கங்கிறத சிம்பிள்ல அடிங்க. "ஐ ஹேவ் பீன் லீடிங் தி நைட் ஷிஃப்ட் சின்ஸ் 2021. ஐ ஹேவ் ட்ரெய்ன்ட் ட்வெல்வ் ஆப்பரேட்டர்ஸ். ரீசன்ட்லி ஐ ஹேவ் பீன் லேர்னிங் ப்ரோக்ராமிங், அண்ட் ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் டூ கோர்சஸ்." எண்ணிக்கை வந்த எடத்தப் பாருங்க, ட்வெல்வ், டூ, ரெண்டும் சிம்பிள்.

மெசேஜ்ல இன்னொரு விஷயம், இது கிராமர் இல்ல, மரியாதை. கன்டினியூஸ்ல லேசா ஒரு சலிப்பு ஏறிக்கும். "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை"ன்னு பாஸுக்கு எழுதினா, டாரி தாடி காத்துக்கிட்டு இருக்கேன்யான்னு கேக்குற மாதிரி இருக்கும். "ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் யுவர் ரிப்ளை யெட்"னு எழுதினா விஷயம் மட்டும் போவும். கடைக்காரன் சாமான் அனுப்பலன்னா மட்டும் முதலாவத தாராளமா போடுங்க.

ஸ்டெப் 9: காதுல விழுறப்போ

வேகமா பேசுறவங்க வாயில "ஹேவ்" கரைஞ்சிபோயிடும். "ஐவ் பின் வெயிட்டிங்", "ஹீஸ் பின் வொர்க்கிங்". ஹீஸ்ல இருக்குறது இஸ் இல்ல, ஹேஸ், பின்னாடி பின் வந்தா அது ஹேஸ்தான். நம்ம பிள்ளைங்க காதுல விழுந்தத அப்படியே எழுதி "ஐ பீன் வெயிட்டிங்"னு கட்டுரையில போட்டுடுறாங்க. ஹேவ் கண்டிப்பா வேணும். அமெரிக்கப் படத்துல "டிட் யூ ஈட் ஆல்ரெடி?"ன்னு வரும், அது அவங்க ஊர்ப் பேச்சு, குழம்பிடாதீங்க.

கடைசியா கொஞ்சம் பயிற்சி

தமிழ்ல சொல்றேன், நீங்க மனசுல மாத்திக்கிட்டு அப்புறம் கீழ இருக்குற பதில பாருங்க. முதலாவது, ஏழு மணியிலேர்ந்து ஃபெர்ரி ஏறுற ஜெட்டியில நிக்குறேன், ரெண்டு ஃபெர்ரி போயிடுச்சி. ரெண்டாவது, அவர எனக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும். மூணாவது, போன தீபாவளிக்கு கேஎல், அதாவது கோலாலம்பூர், போயிருந்தோம். நாலாவது, நீங்க நாசி கண்டார் சாப்பிட்டிருக்கீங்களா? அஞ்சாவது, ஏன் இப்படி வேர்த்திருக்கு? ஓடிட்டு வந்தேன். ஆறாவது, எல்ஆர்டி ரயில் பாதை கட்டிக்கிட்டே இருக்காங்க.

முதலாவதுல ரெண்டும் வரும், "ஐ ஹேவ் பீன் ஸ்டேண்டிங் அட் தி ஜெட்டி சின்ஸ் செவன்", "டூ ஃபெர்ரிஸ் ஹேவ் லெஃப்ட்". நீளத்துக்கு ஒண்ணு, எண்ணிக்கைக்கு ஒண்ணு. ரெண்டாவது நோ, அதனால "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் சைல்ட்ஹுட்". மூணாவதுல போன தீபாவளின்னு சொல்லிட்டோம், கயிறு அறுந்துபோச்சி, "வீ வென்ட் டு கேஎல் லாஸ்ட் தீபாவளி". நாலாவது பெர்னா, "ஹேவ் யூ எவர் ஈட்டன் நாசி கண்டார்?" அஞ்சாவது தடயம், "ஐ ஹேவ் பீன் ரன்னிங்". ஆறாவது "தே ஹேவ் பீன் பில்டிங் தி எல்ஆர்டி", எத்தன ஸ்டேஷன் முடிஞ்சிச்சின்னு சொல்ல ஆரம்பிச்சா அப்போ சிம்பிளுக்கு மாறிக்குங்க.

இத எழுதி தங்கச்சி மகளுக்குத்தான் முதல்ல அனுப்பினேன், படிச்சிட்டு சொல்லுமான்னு. ராத்திரி மெசேஜ் வந்துச்சி: "மாமா, ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் நோட்ஸ் ஃபார் டூ அவர்ஸ்." டென்ஸ் சரி, ஃபார் சரி, எனக்கு ஒரே சந்தோஷம். எத்தன ஸ்டெப் ஆச்சின்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே காணோம். அப்புறம் வந்துச்சி, "ஐ ஹேவ் ரெட் ஒன் ஸ்டெப்."